விர்ச்சுவல்பாக்ஸ்: மண்டபம் மீன் ஷெட்டில் இரண்டு வருடம் ஓட்டிய அனுபவம்

மண்டபத்தில் வடகடல் பக்கம் எங்கள் மாமாவுக்கு மீன் கொள்முதல் ஷெட் இருக்கிறது. நண்டு, இறால், கணவாய்தான் பெரும்பாலும். விசைப்படகுகள் தொழிலுக்குப் போய்த் திரும்பும் காலையில் எடை போட்டு, சீட்டு எழுதி, ஐஸ் போட்டு வண்டி ஏற்றுவது வரைக்கும் கணக்கு முழுவதும் என் பொறுப்பு. ஷெட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர், 8 ஜிபி மெமரி, விண்டோஸ். ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு மென்பொருள் அதில்தான் ஓடுகிறது, அதைத் தொட முடியாது. எடைச் சீட்டுக்காக நான் பைத்தானில் எழுதிய சின்ன புரோகிராமுக்கு உபுண்டு (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம், லினக்ஸ் வகை) வேண்டியிருந்தது. இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கித் தர மாமாவுக்கு மனமில்லை, நியாயம்தான், உப்புக்காற்றில் ஒன்றைக் காப்பாற்றுவதே பெரிய பாடு. அதனால் ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை மென்பொருளாகவே ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டு, விண்டோஸுக்குள்ளேயே 2 ஜிபி மெமரி ஒதுக்கி ஒரு உபுண்டு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கினேன். இரண்டு வருடமாக ஓடுகிறது. அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன், அதிலும் முக்கியமாக போர்ட் ஃபார்வர்டிங் (போர்ட் என்றால் ஒரு புரோகிராம் காத்திருக்கும் எண்ணிட்ட கதவு, வெளிக் கதவுக்கு வருவதை உள்ளே இருக்கும் மெஷினின் கதவுக்கு அனுப்புவதுதான் ஃபார்வர்டிங்), ஏனென்றால் என்னுடைய நேரத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது அதுதான்.

முதலில் மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாக. இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் 2007-ல் வெளியிட்டது, அடுத்த வருடம் சன் என்ற கம்பெனி வாங்கியது, 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியதில் அவர்கள் கைக்குப் போனது. அடிப்படைப் பொதி திறந்த மூல உரிமத்தில் வருகிறது, கடையிலோ கம்பெனியிலோ ஓட்டக் காசு இல்லை. ஆனால் கூடவே எக்ஸ்டென்ஷன் பேக் என்று ஒன்று உண்டு, அது சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் பரிசோதித்துப் பார்ப்பதற்கும் மட்டும்தான் இலவசம், தொழிலுக்கு என்றால் தனி உரிமம் வாங்க வேண்டும். நம் ஊரில் கம்ப்யூட்டர் சரிபார்க்க வருகிற பையன்கள் இரண்டையும் சேர்த்தே போட்டுவிட்டுப் போகிறார்கள், கேட்டுப் பார்த்து வேண்டாம் என்று சொல்லுங்கள். எடைச் சீட்டு மாதிரி வேலைக்கு அந்தப் பேக் தேவையே படாது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், ஷெட்டில் வேலை இல்லை, இதை நிறுவ அதுதான் நேரம் என்று உட்கார்ந்தேன். நிறுவுவதும் உபுண்டு ஏற்றுவதும் ஒரே மதியத்தில் முடிந்துவிட்டன. சம்மாட்டிகள், அதாவது படகு உரிமையாளர்கள், தங்கள் போனிலேயே அன்றைய எடையைப் பார்க்க வேண்டும், தங்கச்சிமடத்தில் இருக்கும் எங்கள் இன்னொரு ஷெட்டிலிருந்தும் சீட்டுப் போட வேண்டும், இவ்வளவுதான் நான் விரும்பியது. அதற்கு மூன்று வாரம் ஆனது.

விர்ச்சுவல்பாக்ஸ் எதுவும் மாற்றாமல் விட்டால் நேட் என்ற முறையில், அதாவது உள்ளே இருக்கும் மெஷினை வேறொரு முகவரிக்குப் பின்னால் மறைத்து, வலையமைப்பைத் தரும். உள்ளே இருக்கும் மெஷினுக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும், அதற்கு வாசல் 10.0.2.2. உள்ளிருந்து வெளியே போகலாம், இணையம் எல்லாம் வரும், வெளியிலிருந்து உள்ளே யாரும் நுழைய முடியாது. நுழைய வேண்டுமென்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைத் திறந்து விதி எழுத வேண்டும்: விண்டோஸின் 8080-க்கு வருவதை உள்ளே 8000-க்கு அனுப்பு, இப்படி. அந்தப் பட்டியல் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆறு கட்டம், பெயர், புரோட்டோகால், வெளி முகவரி, வெளி போர்ட், உள் முகவரி, உள் போர்ட். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்க்கலாம், நிறுத்தித் திரும்பப் போட வேண்டியதில்லை. முகவரிக் கட்டங்கள் இரண்டையும் காலியாக விட்டாலே போதும். வெளி முகவரியில் 127.0.0.1 (ஒரு கம்ப்யூட்டர் தன்னையே குறிக்கும் முகவரி) என்று எழுதிவிட்டால் மட்டும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து தவிர வேறு எங்கிருந்தும் திறக்காது, இது தெரிந்து எழுதினால் பாதுகாப்பு, தெரியாமல் எழுதினால் தலைவலி.

எழுதினேன். விண்டோஸில் பிரவுசரைத் திறந்து 8080 போட்டேன். பக்கம் வரவில்லை. இங்கேதான் ஒரு நாள் முழுவதும் போனது, அதற்குக் காரணத்தை விவரமாகச் சொல்கிறேன், வேறு யாரும் அந்த நாளை இழக்க வேண்டாம். போர்ட் திறந்திருக்கிறதா என்று பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைத் திரை) சோதித்தால் திறந்திருக்கிறது என்றே காட்டியது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் பக்கம் கோளாறு இல்லை, உள்ளேயும் போய்ச் சேர்கிறது, பிரவுசரில்தான் ஏதோ என்று நினைத்து அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், வெளியில் 8080-ல் காத்திருப்பது விர்ச்சுவல்பாக்ஸ்தான். வருகிறவரை அது முதலில் வரவேற்று உட்கார வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் உள்ளே போய்க் கதவைத் தட்டுகிறது. உள்ளே ஆள் இல்லையென்றாலும் வெளியில் சோதிப்பவருக்குத் திறந்திருப்பதாகவே தெரியும், பிறகு இணைப்பு அறுந்துவிடும். அதனால் நேட் முறையில் 'போர்ட் திறந்திருக்கிறது' என்ற பதிலை வைத்து உள்ளே எல்லாம் சரி என்று முடிவு கட்டக் கூடாது. பக்கமே வந்தால்தான் கணக்கு.

உள்ளே ஆள் ஏன் இல்லை? என் புரோகிராம் 127.0.0.1-ல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது அந்த உபுண்டுவுக்குள் உட்கார்ந்திருப்பவர் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லும், 10.0.2.15 என்ற முகவரிக்கு வருகிறவரைக் கவனிக்கவே கவனிக்காது. பைத்தானில் சோதனைக்காக ஓட்டும் சர்வர்கள் பலவும் இப்படித்தான் தொடங்கும், பாதுகாப்புக்காக வைத்திருக்கிறார்கள். அதை 0.0.0.0, அதாவது எந்த முகவரிக்கு வந்தாலும் கேள், என்று மாற்றினேன், உடனே பக்கம் வந்தது. உபுண்டுவின் ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்) நீங்கள் இயக்கி வைத்திருந்தால் அங்கும் 8000-க்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஷெட்டுக்குள்ளேயே, அதே வைஃபையில் இருக்கும் என் போனிலிருந்து. கம்ப்யூட்டருக்கு ரூட்டர் கொடுத்த முகவரியையும் 8080-ஐயும் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸ் ஃபயர்வால் என்று ஊகித்தேன், 8080-க்கு அனுமதி விதி எழுதினேன், அப்படியும் வரவில்லை. இங்கே இன்னொரு நுணுக்கம். விர்ச்சுவல் மெஷினை முதல் தடவை ஓட்டியபோது விண்டோஸ் ஒரு சின்ன பெட்டியைக் காட்டி இந்தப் புரோகிராமை அனுமதிக்கலாமா என்று கேட்டிருக்கிறது, நான் அவசரத்தில் கேன்சல் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுத்தால் விண்டோஸ் அந்தப் புரோகிராமின் பெயரில் தடை விதி ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளும், தடையும் அனுமதியும் இரண்டும் இருந்தால் தடைதான் ஜெயிக்கும். ஆகவே எத்தனை அனுமதி எழுதினாலும் பிரயோஜனமில்லை, உள்வரும் விதிகள் பட்டியலில் விர்ச்சுவல்பாக்ஸ் பெயரில் சிவப்புக் குறியோடு இருப்பதைத் தேடி நீக்க வேண்டும். நீக்கினேன், போனில் பக்கம் வந்தது. ஷெட் வைஃபை பப்ளிக் என்ற வகையில் பதிவாகியிருந்ததையும் பிரைவேட்டாக மாற்றினேன், என் அனுமதி விதி பிரைவேட்டுக்குத்தான் எழுதியிருந்தேன்.

இடையில் ஒரு யோசனை வந்தது, நேட்டே வேண்டாம், பிரிட்ஜ் முறைக்குப் போய்விடலாம், அப்போது விர்ச்சுவல் மெஷினுக்கு ரூட்டரே நேரடியாகத் தனி முகவரி கொடுத்துவிடுமே, ஃபார்வர்டிங் விதியே வேண்டாமே என்று. கேபிள் இணைப்பில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது நல்ல வழி, நானும் சிபாரிசு செய்வேன். வைஃபைக்கு அது பல நேரம் ஒத்துவருவதில்லை, ஒரு வைஃபை கார்டு ஒரே வன்பொருள் முகவரியோடுதான் ரூட்டரிடம் பேசும், இரண்டாவது ஆள் அதன் வழியாகப் பேசுவதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் சுற்றுவழி செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் ஷெட்டில் கேபிள் இழுத்தால் எலி கடிக்கும், ஐஸ் தண்ணீர் படும். நேட்டிலேயே நின்றுவிட்டேன்.

அப்புறம் ஷெட்டுக்கு வெளியே. ரூட்டரிலும் ஒரு ஃபார்வர்டிங் விதி எழுத வேண்டும், வெளியிலிருந்து வருவதைக் கம்ப்யூட்டரின் முகவரிக்கு அனுப்பச் சொல்லி. விர்ச்சுவல்பாக்ஸின் விதி வேறு, ரூட்டரின் விதி வேறு, இரண்டும் ஒன்றையொன்று அறியாது. ரூட்டர் விதியில் 10.0.2.15 என்று எழுதுகிறவர்கள் நிறைய, அந்த முகவரி விர்ச்சுவல்பாக்ஸுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, ரூட்டருக்கும் தெரியாது. விண்டோஸின் முகவரியைத்தான் எழுத வேண்டும். அந்த முகவரியும் கரண்ட் போய் வந்தால் மாறலாம், எங்களுக்கு ஒரு தடவை மாறியது, ரூட்டர் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ரூட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு என்று ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் வெளியிலிருந்து திறக்கவில்லை. முதலில் நான் ஷெட் வைஃபையில் இருந்துகொண்டே ரூட்டரின் வெளி முகவரியை அடித்துப் பார்த்தது தவறு, பல ரூட்டர்கள் தன் வெளி முகவரிக்கு உள்ளிருந்தே வருகிறவரைத் திருப்பி உள்ளே விடாது, எல்லாம் சரியாக இருந்தாலும் வராத மாதிரியே தெரியும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதிக்க வேண்டும். துபாயில் இருக்கும் அத்தை மகனைக் கூப்பிட்டு அங்கிருந்தும் திறக்கச் சொன்னேன். 'மச்சான், சுத்திக்கிட்டே இருக்கு, ஒண்ணும் வரல' என்றான். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நான் ஒன்றை மாற்றுவதும் அவன் ஒரு தடவை திறப்பதுமாகப் போனது. கடைசியில் அவன்தான் கேட்டான், 'உன் ரூட்டர்ல வெளி முகவரின்னு என்ன காட்டுது, முதல் நம்பரைச் சொல்லு.' 100 என்றேன். 'அடுத்த நம்பர்?' 72 என்றேன். 'விட்டுடு மச்சான், நீ எத்தனை விதி எழுதினாலும் வராது.'

விஷயம் இதுதான். இணையத்தின் பழைய முறை முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி, உலகளாவிய கிடங்கில் மீதியிருந்த கடைசித் தொகுப்புகளை 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைக்கின்றன. அதற்கென்றே 2012-ல் ஒதுக்கிய வரிசைதான் 100.64-ல் தொடங்கி 100.127-ல் முடிவது. உங்கள் ரூட்டர் காட்டும் வெளி முகவரி அதற்குள் இருந்தால், உங்கள் ரூட்டருக்கு மேலே நிறுவனத்தின் இன்னொரு நேட் உட்கார்ந்திருக்கிறது, அதில் விதி எழுத உங்களுக்கு அதிகாரம் இல்லை. ரூட்டர் காட்டுவதும் பிரவுசரில் என் ஐ.பி. என்ன என்று தேடினால் காட்டுவதும் வேறு வேறாக இருந்தாலும் இதே சந்தேகம் கொள்ளலாம். எங்களுக்கு இணையம் தருகிறவர்களைக் கூப்பிட்டேன், ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், மூன்று தடவை கூப்பிட்டு மூன்று பேரிடமும் அதே பதில். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, 'உங்கள் இணைப்பில் இது முடியாது, நிரந்தர முகவரி வாங்க வேண்டும்' என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

இது தெரிந்தபின் வழி எளிது. வெளியிலிருந்து உள்ளே வர முடியாது என்றால் உள்ளிருந்து வெளியே போவது. இணையத்தில் நிரந்தர முகவரியோடு ஒரு சின்ன வி.பி.எஸ். (இணைய நிறுவனம் வாடகைக்குத் தரும் சர்வர்) வாடகைக்கு எடுத்தேன், அதற்கும் என் உபுண்டு மெஷினுக்கும் இடையில் வயர்கார்டு என்ற மறைகுறியிட்ட தனிவழி போட்டேன். 2020-ல் வந்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 5.6-லிருந்து வயர்கார்டு கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, அதற்கான கெர்னல் பகுதியைத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. மெஷின் உள்ளிருந்து தானே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது, 25 நொடிக்கு ஒரு தடவை சின்னதாக ஒரு பொட்டலம் அனுப்பி வழியை மூடவிடாமல் வைத்திருக்கிறது. இடையில் எத்தனை நேட் இருந்தாலும் கவலையில்லை. சம்மாட்டிகள் வி.பி.எஸ்.ஸின் முகவரியைத் திறக்கிறார்கள், அது உள்ளே அனுப்புகிறது. ரூட்டரில் எழுதிய விதியை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

அப்படியென்றால் விர்ச்சுவல்பாக்ஸ் விதி எதற்கு என்று கேட்பீர்கள். ஷெட்டுக்குள் எடை போடுகிறவர் கையில் இருக்கும் போன் இன்றும் அந்த 8080 வழியாகத்தான் வருகிறது, இணையம் போனாலும் எடை நிற்காது. எங்கள் ஊரில் அது பெரிய விஷயம். அதோடு நான் மெஷினுக்குள் நுழைந்து வேலை பார்க்க 2222-லிருந்து 22-க்கு ஒரு விதி, அது மட்டும் 127.0.0.1 போட்டு அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டி வைத்தது.

நேட்டில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். விதி வழியாக யார் வந்தாலும் உள்ளே இருக்கும் மெஷினுக்கு எல்லாரும் 10.0.2.2 ஆகவே தெரிவார்கள். கடவுச்சொல்லை ஐந்து தடவை தவறாக அடித்தால் அந்த முகவரியைப் பூட்டிவிடு என்று நான் வைத்திருந்தேன், ஒரு நாள் காலையில் டிரைவர் ஒருவர் தவறாக அடித்ததில் ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் பூட்டு விழுந்தது, அதுவும் நண்டு எடை நடக்கும் நேரத்தில். அந்த மாதிரிப் பூட்டை முகவரியை வைத்து அல்ல, பயனர் பெயரை வைத்துப் போடுங்கள். ஃபார்வர்டிங் சரியாக இருக்கிறதா என்று பிங் (மெஷின் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தும் பார்க்காதீர்கள், போர்ட் விதி பிங்குக்குப் பொருந்தாது.

இன்னும் ஒன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெளியே முடியவில்லையே என்ற ஆத்திரத்தில் விண்டோஸின் 3389-ஐயோ (தூரத்திலிருந்து திரையைப் பார்ப்பது) 445-ஐயோ (கோப்புப் பகிர்வு) டேட்டாபேஸின் 3306-ஐயோ இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த 445 வழியாகத்தான். மீன் கணக்கில் சம்மாட்டிகளின் முன்பணம், பாக்கி எல்லாம் இருக்கிறது, அது அவர்கள் நம்மிடம் நம்பிக் கொடுத்தது.

குறை என்று சொன்னால் கரண்ட் போய் வந்த பிறகு மெஷின் தானாக எழுந்திருப்பது. விண்டோஸில் அது தானாக அமைவதில்லை, நான் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை போட்டு, திரை இல்லாமல் ஓடும் வகையில் தொடங்கச் சொன்னேன், பயாஸிலும் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பு) கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே எழும்படி மாற்றினேன். செய்த பிறகு தொந்தரவில்லை. ஸ்னாப்ஷாட் வசதி நல்லது, புதிதாக எதையாவது நிறுவும் முன் ஒன்று எடுத்து வைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடலாம், ஆனால் அது அதே டிஸ்கில்தான் இருக்கிறது, அதை பேக்கப் என்று நினைக்காதீர்கள். நான் வாரம் ஒரு முறை மெஷினை நிறுத்திவிட்டு அதன் ஃபோல்டரை முழுவதுமாக வெளி டிஸ்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

அந்தப் பழக்கம்தான் போன ஐப்பசி மழையில் காப்பாற்றியது. காலை ஐந்தரைக்கு ஷெட்டைத் திறந்தால் கம்ப்யூட்டர் எழவில்லை, மூடியைக் கழற்றினால் மதர்போர்டில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. வீட்டிலிருந்த என் லேப்டாப்பை எடுத்து வந்து, விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, வெளி டிஸ்கிலிருந்து ஃபோல்டரை இறக்கிச் சேர்த்தேன். அந்த வாரத்தில் போட்ட சீட்டுகளைக் கைநோட்டிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது, அது வேறு. மெஷின் எழுந்தது, வயர்கார்டு தானாகப் போய் இணைத்துக்கொண்டது, தங்கச்சிமடம் ஷெட்டில் உடனே வேலை தொடங்கிவிட்டது. ஃபார்வர்டிங் விதிகள் மெஷினின் அமைப்புக் கோப்பிலேயே இருப்பதால் அவையும் கூடவே வந்திருந்தன. ஷெட்டுக்குள் போனில் மட்டும் வரவில்லை. இந்தத் தடவை யோசிக்க வேண்டியிருக்கவில்லை: லேப்டாப்பின் விண்டோஸ் ஃபயர்வாலில் அனுமதி இல்லை, ரூட்டர் ஒதுக்கி வைத்த முகவரி பழைய கம்ப்யூட்டருக்கு உரியது. இரண்டையும் மாற்ற இருபது நிமிடம் ஆனது. ஏழு மணிக்கு முதல் படகின் நண்டு எடைக்கு வந்தது, எட்டு மணிக்கு ஒரு சம்மாட்டி பாம்பனிலிருந்து கூப்பிட்டு, 'தம்பி, சீட்டு போன்ல வந்துருச்சு, ரெண்டாவது கூடை எடை மட்டும் ஒருக்கா சரி பாரு' என்றார்.